சிவப்புப் பேனையால் சொன்ன பொய்



இந்தத் தவணைச் சுவர்ச் சஞ்சிகைக்கு "உயர்தர உயிரியலுக்கு வினாத்தாள் செய்து பழகுவது எப்படி?" என்று ஒரு கட்டுரை தரும்படி கேட்டார்கள். ஓம் என்று தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத இருந்தால் பேனை ஓடவே இல்லை. ஏனென்றால், பழகக்கூடாத விதமாகப் பழகி மாட்டுப்பட்டவளே நான்தான்! அதையே எழுதினால் என்ன என்று பிறகு யோசித்தேன். வாசித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் கடைசி வரி மட்டும் வாசியுங்கள்.

கீழ் வகுப்புத் தம்பி தங்கைகளுக்காக முதலில் சின்ன விளக்கம். உயர்தர உயிரியலில் இரண்டு வினாத்தாள். முதலாவதில் 50 பல்தேர்வு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 5 விடைகள், நேரம் 2 மணித்தியாலம். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 2 நிமிடமும் 24 விநாடியும்தான். இரண்டாவதில் அமைப்புக் கட்டுரை 4, நாலும் கட்டாயம். அதன் பிறகு கட்டுரை வினா 6, அதில் 4 எழுத வேண்டும். இதற்கெல்லாம் பழக எல்லோரும் தேடுவது கடந்தகால வினாத்தாள்களைத்தான். நாங்கள் வாயில் சொல்வது "பாஸ்ட் பேப்பர்".

எனக்கு அவற்றைத் தேடி அலையவேண்டிய தேவை இருக்கவில்லை. அக்கா வைத்துவிட்டுப் போன ஒரு கட்டு வீட்டில் இருந்தது. அக்கா எழுதியது 2022 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை. அது பிந்தி 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. அவள் படித்த காலத்தில் ஒரே கரன்ட் வெட்டு. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. குப்பி விளக்கு வெளிச்சத்தில் அவள் செய்த பேப்பர்களில் இன்றைக்கும் சில இடத்தில் கரிப்புகை படிந்திருக்கிறது. பெறுபேறு வந்தபோது உயிரியலுக்கு 'எஸ்'. இப்போது அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். போகும்போது விடைகளையெல்லாம் அழிறப்பரால் அழித்துவிட்டு, "இனி இது உன்ர" என்று கட்டைத் தந்தாள்.

அழித்தாள்தான். ஆனால் பென்சிலால் அழுத்திப் போட்ட வட்டம் லேசில் அழியுமா? தாளைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் தடம் தெரியும். அவள் விடை பார்த்துத் திருத்திய பிறகு சரியான விடையைச் சுற்றிப் போட்ட வட்டம் அது. நான் அதைத் தேடிப் பார்க்கவில்லை, சத்தியமாக! ஆனால் மூன்றா நாலா என்று தடுமாறுகிற நேரத்தில் கண் தன்பாட்டில் அந்தப் பக்கம் போய்விடும். 'எனக்கும் இதுதான் சரியெண்டு பட்டது' என்று மனமும் சொல்லும்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. அம்மா தையல் தைக்கிறவ. யாருடைய சட்டை, என்ன அளவு, எவ்வளவு காசு பாக்கி என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பா. நான் பேப்பர் செய்யத் தொடங்கிய நாள் முதல், இரவு மெஷினை மூடும்போது ஒரு கேள்வி கேட்பா.

"இண்டைக்கு எத்தினை பிள்ளை?"

நான் சொல்லுகிற எண்ணை அந்தக் கொப்பியிலேயே திகதியோடு எழுதுவா. பிளவுஸ் இரண்டுக்கும் சாறி ஓரம் அடித்ததற்கும் நடுவில் என்ர உயிரியல் புள்ளி! முதல் நாள் 27. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, எழுதினா. ஆனால் அன்றைக்கு மெஷின் மூடியை வைத்த சத்தம் எனக்கு வேறுமாதிரிக் கேட்டது. ரியூசன் காசு எங்கேயிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்தானே.

அடுத்த கிழமை 34 என்றேன். பிறகு 38, 41. ஒரு நாள் 44!

நான் எப்படி 44 எடுத்தேன் என்று சொல்லட்டுமா? சிவப்புப் பேனையால் திருத்தும்போது ஒரு பிழை வரும். 'அட, இது தெரிஞ்சதுதானே. அவசரத்தில மாறிப் போட்டன்' என்று சொல்லிச் சரி போட்டுவிடுவேன். அடுத்த பிழைக்கு, 'இந்தப் பாடம் இன்னும் வடிவாப் படிக்கேல்லை, படிச்சால் வரும்' என்று அதுக்கும் சரி. ஏற்கனவே இரண்டு தரம் செய்த பேப்பர் என்றால் கேள்வியை முழுக்க வாசிக்கவே தேவையில்லை. முதல் வரியைக் கண்டதும் 'இதுக்கு 2' என்று விரல் போய்விடும். இப்படித்தான் ஆறு மாதம் போனது. அம்மாவின் கொப்பியில் என் எண் ஏறிக்கொண்டே போனது.

தவணைப் பரீட்சை வந்தது. ரீச்சர் பழைய வினாத்தாளில் இருந்து ஒரு கேள்வியும் எடுக்கவில்லை. எல்லாம் அவர் தானாக எழுதிய கேள்விகள். 50 இற்கு எனக்குக் கிடைத்தது 23.

ரீச்சர் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதுவிட்டு வந்திருப்பேன். இடைவேளைக்கு ஆய்வுகூடத்துக்கு வரச்சொல்லி, நான் சரியாகச் செய்திருந்த ஒரு கேள்வியைக் காட்டினார். பிழையான கேள்வியை அல்ல, கவனியுங்கள்.

"இது 4 எண்டு சரியாப் போட்டிருக்கிறாய். மற்ற நாலும் ஏன் பிழை எண்டு ஒவ்வொண்டாச் சொல்லு பாப்பம்."

ஒன்றுக்குச் சொன்னேன். இரண்டாவதுக்கு இழுத்தேன். மூன்றாவதில் வாயடைத்துப்போய் நின்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் எடுத்த 23 கூட என்னுடைய 23 இல்லை என்று. ரீச்சர் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பென்சில் தடம், சிவப்புப் பேனை, அம்மாவின் கொப்பி, எல்லாம். அவர் கேட்டுவிட்டு ஒன்று மட்டும் சொன்னார்.

"முதல்ல அம்மாட்டச் சொல்லு. பிறகு நாங்கள் பயோ படிப்பம்."

அன்றிரவு மெஷின் மூடுகிற நேரம் வந்தது. "இண்டைக்கு எத்தினை?" என்றா அம்மா. "23" என்றேன். அம்மா எழுதாமல் என் முகத்தைப் பார்த்தா. "முந்தியும் அவ்வளவுதான் அம்மா" என்று சொல்லி முடிக்கமுதல் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு கொப்பியைத் திறந்து 23 என்று எழுதினா. மேலே இருந்த 44 ஐ வெட்டவுமில்லை, அழிக்கவுமில்லை.

"அளவைப் பிழையா எழுதி வைச்சால் சட்டை சரிவருமே பிள்ளை? பிரிச்சுப்போட்டுத் திருப்பித் தைக்கிறதுதான்" என்றா.

அவ்வளவுதான். அடியும் இல்லை, பேச்சும் இல்லை. ஆனால் அந்த இரவை நான் மறக்கமாட்டேன்.

கிழமை முடிவில் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவளிடமும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தால், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நானும் அந்தப் பேப்பருகளை மூண்டு தரம் செய்தனான்டி. மூண்டாந்தரம் எனக்கு 46. எனக்குப் பயோ முடிஞ்சுது எண்டு நினைச்சன்" என்றாள். அந்த 'எஸ்' எங்கிருந்து வந்தது என்று அதற்குப் பிறகு நான் அவளிடம் கேட்கவில்லை.

சரி, இனித் திருப்பித் தைத்த கதை. நண்பர்களே, இதுதான் உங்களுக்கு உதவக்கூடிய பகுதி.

நான் ஒரு பழைய கொப்பியை எடுத்து 'பிழைக் கொப்பி' என்று பெயர் வைத்தேன். பிழைத்த கேள்வியை அதில் எழுதி, ஏன் பிழைத்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். 'கவனயீனம்' என்ற சொல்லை எழுதக்கூடாது என்பது ரீச்சர் போட்ட சட்டம். கவனயீனம் என்று எழுதினால் அதோடு கதை முடிந்துவிடுமாம்! அந்தக் கொப்பியில் இருந்து சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, 41 தொடக்கம் 50 வரையான கேள்விகள். ஏ, பீ, சீ, டீ, ஈ என்று கூற்றுகள் வரும். ஏ, பீ, டீ சரியென்றால் விடை 1. ஏ, சீ, டீ சரியென்றால் 2. ஏ, பீ மட்டும் என்றால் 3. சீ, டீ மட்டும் என்றால் 4. வேறு எதுவென்றாலும் 5. இதில் என்ர பிழை என்ன தெரியுமா? ஏ சரி, பீ சரி என்று கண்டதும் ஓடிப்போய் 3 ஐப் போடுவேன். டீ யை வாசிப்பதே இல்லை. டீ யும் சரியென்றால் விடை 1 ஆகிவிடுமே! எனக்குப் பாடம் தெரியும், ஆனால் முழுக்க வாசிக்கிற பொறுமை இல்லை. இப்போது ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் சரி, பிழை போட்ட பிறகுதான் விடை எண்ணைப் பார்க்கிறேன்.

இரண்டாவது, 'எல்லா', 'எப்போதும்', 'மட்டும்' என்ற சொற்கள். "நாடிகள் எப்போதும் ஒட்சிசன் செறிந்த குருதியைக் கொண்டுசெல்லும்" என்று ஒரு கூற்று வந்தால் வாசிக்க நல்ல வடிவாக இருக்கும். ஆனால் நுரையீரல் நாடி இதயத்தில் இருந்து நுரையீரலுக்குக் கொண்டுபோவது ஒட்சிசன் குறைந்த குருதியை. நாடி என்பது இதயத்தில் இருந்து வெளியே போகிற குழாய். உள்ளே எந்தக் குருதி ஓடுகிறது என்பதை வைத்து அதற்குப் பெயர் வைக்கவில்லை. அந்த 'எப்போதும்' என்ற ஒரு சொல் என்னை எத்தனை தரம் விழுத்தியிருக்கிறது!

மூன்றாவது, நீரழுத்தம். எங்கள் வகுப்பில் அரைவாசிப் பேருக்கு இதில் தடுமாற்றம். அழுத்தம் வேறு, அமுக்கம் வேறு என்பதை முதலில் மண்டையில் ஏற்ற வேண்டும். ஒரு கலத்தின் நீரழுத்தம் என்பது கரைய அழுத்தமும் அமுக்க அழுத்தமும் சேர்ந்தது. கரைய அழுத்தம் -0.7 மெகாபஸ்கால் உள்ள ஒரு தளர்ந்த கலத்தைத் தூய நீரில் போட்டால், கடைசியில் கலத்தின் நீரழுத்தம் எவ்வளவு? நான் -0.7 என்று போட்டிருந்தேன். விடை பூச்சியம். நீர் உள்ளே போகப் போகக் கலச்சுவர் எதிர்த்து அமுக்கும். அந்த அமுக்க அழுத்தம் +0.7 ஆனதும் இரண்டும் சமப்பட்டுவிடும், அதன் பிறகு தேறிய நீர் உள்ளெடுப்பு இல்லை. அதே கலத்தை -0.9 கரைசலில் போட்டால் நீர் வெளியே போய் முதலுருச்சுருக்கம் வரும்.

இதை நான் கொப்பியில் விளங்கியதைவிடக் குசினியில்தான் வடிவாக விளங்கினேன். வாடின கீரையில் அம்மா தண்ணி தெளித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துவிடும். வெட்டின மாங்காய்க்கு உப்புப் போட்டு வைத்தால் துண்டு சுருங்கி, சட்டியில் தண்ணி நிற்கும். ஒன்று -0.7 கலத்தைத் தூய நீரில் போட்ட கதை, மற்றது -0.9 இல் போட்ட கதை. இத்தனை வருசமாகக் கண்முன்னே நடந்ததுதான்!

நாலாவது, பிறப்புரிமையியல். தாயும் தகப்பனும் சுகதேகிகள், ஆனால் இருவரும் ஒரு பின்னிடைவான நோய்க்குக் காவிகள். மகனுக்கு நோய் இருக்கிறது, மகளுக்கு இல்லை. மகள் காவியாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன? நான் கண்ணை மூடிக்கொண்டு 1/2 என்று போட்டேன். விடை 2/3. நாலு சம வாய்ப்புகளில் ஒன்று நோயுள்ள பிள்ளை, இரண்டு காவி, ஒன்று முழுச்சுகம். மகளுக்கு நோய் இல்லை என்று கேள்வியே சொல்லிவிட்டது. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்று, அதில் இரண்டு காவி. கேள்வி தருகிற தகவலைப் பாவிக்காமல் பாடமாக்கினதை ஒப்புவித்தால் இப்படித்தான் வரும்.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமானது. அதற்கு அம்மம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மம்மாவுக்குச் சீனி வருத்தம். மாதாமாதம் கிளினிக். ஒரு நாள் நான் அமைப்புக் கட்டுரைக்கான புள்ளித் திட்டத்தைச் சத்தமாகப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் குளூக்கோசு ஏன் வருகிறது, ஏன் அதிக தாகம் என்ற கேள்வி. ஐந்து குறிப்பையும் ஒரு மூச்சில் சொன்னேன். அம்மம்மா திண்ணையில் இருந்து கேட்டுவிட்டு, "பிள்ளை, எனக்கு ஏன் ராவெல்லாம் சலம் போகுது? ஏன் இவ்வளவு விடாய்க்குது?" என்று கேட்டா.

நான் அதே ஐந்து குறிப்பையும் திருப்பிச் சொன்னேன். "எனக்கொண்டும் விளங்கேல்லை" என்றா. எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், எனக்கும்தான் விளங்கவில்லை! 'அப்போ தண்ணி குடிக்கிறதைக் குறைச்சால் சலமும் குறையுமோ?' என்று அம்மம்மா கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பிழையாக 'ஓம்' என்று சொல்லியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.

அன்றைக்குப் புத்தகத்தை எடுத்து முதலில் இருந்து வாசித்தேன். சிறுநீரகத்தியின் கலன்கோளத்தில் குருதி வடிக்கப்படும்போது குளூக்கோசும் சேர்ந்தே வடியும். சுகதேகிக்கு அது முழுவதும் அண்மையான மடிந்த குழாயில் திரும்ப எடுக்கப்பட்டுவிடும். எடுக்கிற காவிப் புரதங்களுக்கு ஓர் எல்லை உண்டு. குருதியில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமுக்கு மேல் போனால் அவற்றால் சமாளிக்க முடியாது. மிஞ்சுகிற குளூக்கோசு குழாய்க்குள் நின்று தண்ணியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுநீர் கூடும், குருதி செறியும், மூளையின் பரிவகக்கீழ் அதை உணர்ந்து தாகத்தை உண்டாக்கும். ஆகவே தண்ணி குடிப்பதால் இந்தச் சலம் தொடங்கவில்லை. சலத்தோடு தண்ணி போவதால்தான் தாகம் வருகிறது.

அம்மம்மாவுக்கு இப்படிச் சொன்னேன்: "தண்ணித் தொட்டியில இருந்து சீனியை அள்ளித் திருப்பி உள்ளுக்குப் போட ஆக்கள் நிக்கினம் அம்மம்மா. சீனி கூடினால் அவையளுக்கு அள்ளி முடியாது. விட்ட சீனி போகேக்கை தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகுது. அதுதான் விடாய்க்குது. தண்ணியைக் குறைக்காதேங்கோ. குளிசையை விடாதேங்கோ, கிளினிக்கிலயும் இதைச் சொல்லுங்கோ."

"ஓ, தொட்டியில ஓட்டை. ஊத்திக்கொண்டுதான் இருக்கோணும்" என்றா அம்மம்மா. புள்ளித் திட்டத்தில் இல்லாத விடைதான். ஆனால் சரியான விடை!

அன்று முதல் எந்த அமைப்புக் கட்டுரையைச் செய்தாலும் முதலில் புள்ளித் திட்டத்தை மூடி வைத்துவிட்டு, அம்மம்மாவுக்குச் சொல்வதாக நினைத்து ஒருதரம் சொல்லிப் பார்ப்பேன். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கேதான் எனக்கு விளங்கவில்லை. பிறகு பரீட்சைத் தமிழில் எழுதுவேன். புள்ளித் திட்டத்தைத் திறப்பது எழுதி முடித்த பிறகுதான்.

இன்னும் இரண்டு சின்ன விசயம். புதிய பாடத்திட்டத்துக்கான முதல் பரீட்சை நடந்தது 2019 இல். அதற்கு முந்திய வினாத்தாள்களைச் செய்பவர்கள், இப்போதைய பாடத்திட்டத்தில் உள்ள கேள்வியா என்று ரீச்சரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மற்றது, கடைசி ஆண்டுகளின் இரண்டு மூன்று வினாத்தாள்களைத் தொடாமல் ஒளித்து வையுங்கள். பரீட்சைக்கு முந்திய மாதம் மணிக்கூடு வைத்து, ஒரே இருப்பில் செய்ய அவை தேவை. பார்த்த பேப்பரில் எடுக்கிற புள்ளி உங்களுடைய ஞாபகத்தின் புள்ளி. பார்க்காத பேப்பரில் எடுப்பதுதான் உங்களுடைய உயிரியலின் புள்ளி.

இப்போது நான் எத்தனை எடுக்கிறேன் என்று கேட்பீர்கள். போன சனிக்கிழமை, பார்க்காத ஒரு வினாத்தாளில், 2 மணித்தியாலத்தில் 32. திருத்தியது நானில்லை, என் தோழி. அம்மா கொப்பியில் 32 என்று எழுதிவிட்டு, "உண்மையோ?" என்று கேட்டா. "உண்மை அம்மா" என்றேன். 44 ஐவிட 32 சின்ன எண்தான். ஆனால் அன்றைக்கு மெஷின் மூடியின் சத்தம் எனக்குப் பயத்தைத் தரவில்லை.

பரீட்சை இன்னும் வரவில்லை. என்ன வருமோ தெரியாது. மருத்துவபீடம் கிடைக்குமோ, அக்காவைப் போல 'எஸ்' தானோ, அதுவும் தெரியாது. ஆனால் அன்றைக்குப் போய் இருக்கப்போவது அக்காவின் பென்சில் தடம் அல்ல, நான்தான்.

ஆகவே நண்பர்களே, கடைசி வரி இதுதான்: உங்கள் பேப்பரைத் திருத்துகிற சிவப்புப் பேனையைப் பக்கத்தில் இருக்கிற தோழியிடம் கொடுங்கள்!



இப்படிக்கு,
தரம் 13, உயிரியற் பிரிவு மாணவி